கம்பளிக்குள் போன சைக்கிள்

அபுதாபிப் பக்கம் ருவைஸில் நான் ரிக்கராக இருந்தேன். ரிக்கர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் மறுக்கவில்லை. கிரேன் தூக்கும் சாமானைக் கட்டிக் கொடுப்பவன், அவ்வளவுதான். குழாயோ வால்வோ பெரிய தொட்டியோ, ஸ்லிங் என்கிற தூக்குக் கயிற்றை எங்கே சுற்றுவது, எவ்வளவு இறுக்குவது, தூக்கினால் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கணக்குத் தப்பினால் கீழே நிற்கிற ஆள் காலி. அத்தனை வருடத்தில் என் கட்டு ஒருமுறைகூட நழுவியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? அந்தத் திமிர் எனக்கு உண்டு. இங்கே நான் எழுதப் போகிற விஷயத்தில் அந்தத் திமிருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ஒரே தங்கை. அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேடீஸ் சைக்கிளை எல்லாப் பெண்களும் புத்தகப் பையை வைத்து ஓட்டினார்கள். இவள் மட்டும் பஸ்ஸோடு போட்டி போட்டு ஓட்டினாள். அப்படி ஓட்டியதை பி.டி. டீச்சர் ஒருநாள் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். அடுத்த நாளே கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டார். பிளஸ் டூ படிக்கும்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய ரேஸ் சைக்கிளில் மாவட்டப் போட்டிக்குப் போனாள். வண்டி அவளுக்கு ரொம்ப உயரம். சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு ஓட்டி முதலாவதாக வந்தாள்.

அடுத்தது மாநிலப் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநில அணியில் சேர்த்துக்கொள்வார்கள், அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்தப் பிரிவில் அவள் வயதுக்கு அதுதான் கடைசி வருடம். மார்க்கோ சுமார். அப்பா கொத்தனார், பணம் கட்டி இடம் வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. ஆக, அவள் கல்லூரிக்குப் போவதும் போகாததும் அந்த ஒரு போட்டியில் இருந்தது. இரவல் கொடுத்த பள்ளிக்கூடமோ, எங்கள் பெண்ணும் ஓட்டுகிறாள், வண்டி இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் போனில் சொன்னாள். அழவில்லை. லேடீஸ் சைக்கிளிலேயே போய்ப் பார்க்கிறேன் அண்ணே என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரில் நல்ல ரேஸ் சைக்கிள் வாங்கலாம் என்றால், டீச்சர் சென்னையில் விசாரித்து வைத்திருந்த விலை நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரைக்குச் சமமாக இருந்தது. அதுவும் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டுமாம்.

அந்த வாரமே எங்கள் தொழிலாளர் கேம்ப் மெஸ் வாசல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். எங்கள் சைட்டில் டெக்னீஷியனாக இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் வேலையை விட்டுக் கனடா போகிறார். ரேஸ் சைக்கிளை விற்கிறார். அவரை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கால்சட்டையும் தலைக்கவசமுமாக ரோட்டில் பறப்பார். நேராக அவர் ரூமுக்குப் போனேன். சைக்கிளைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, என் தோளுக்கு எங்கே வருகிறார் என்று பார்த்தேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் இரண்டடி பின்னால் போனார். போன லீவில் தங்கை என்னோடு நின்றபோது எந்தச் சட்டைத் தையலுக்கு வந்தாளோ அதே தையலுக்கு அவரும் வந்தார். அவர் ஓட்டின வண்டி அவளுக்குச் சரியாக இருக்கும். விலை பேசி முடித்துவிட்டேன்.

அவரே அன்று சைக்கிளைக் கழற்றிக் கொடுத்தார். சக்கரம் இரண்டு, ஹேண்டில்பார், பெடல், செயின், சீட், மிச்சம் ஃபிரேம். நல்ல எஃகுக் குழாயில் செய்த ஃபிரேம். ஒரு கையால் தூக்கலாம். பின் சக்கரத்தைக் கழற்றியதும், சக்கரம் இருந்த கவட்டைக்கு நடுவில் சுண்டுவிரல் கனத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியை அழுத்தி மாட்டினார். என்ன, ஏது என்று நான் கேட்கவில்லை. பத்து டன் தூக்குகிறவன் ஒரு சைக்கிளைப் பற்றிச் சந்தேகம் கேட்பதா என்ற எண்ணம்.

வாங்கிவிட்டேனே தவிர எப்படி அனுப்புவது என்று யோசித்திருக்கவில்லை. ருவைஸ் மார்க்கெட்டில் கீழக்கரை பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் கார்கோ. எங்கள் கேம்ப் தமிழர்கள் ஊருக்கு எதை அனுப்பினாலும் அவர் வழியாகத்தான் போகும். மொத்தச் சைக்கிளையும் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் போட்டு, நண்பர் ஒருவரின் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். மொத்தமே பத்து கிலோதான், சல்லிசாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். பாய் தராசுப் பக்கமே போகவில்லை. டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளந்தார். காகிதத்தில் ஏதோ பெருக்கினார். நாற்பது கிலோவுக்குக் காசு கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அப்புறம் இந்தத் தராசு எதற்கு, அழகுக்கா வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கோபப்படவில்லை. விமானத்தில் எடை குறைவாக இருந்து இடத்தை அடைத்தால் இடத்துக்குத்தான் காசு என்று பொறுமையாக விளக்கினார். கப்பலில் போட்டால் மலிவு, ஆனால் சொல்வது நாற்பத்தைந்து நாள், போய்ச் சேர்வது அல்லாவுக்குத்தான் தெரியும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். போட்டிக்கு இருந்ததே இரண்டரை மாதம். அதில் ஒரு மாதமாவது அந்த வண்டியில் அவள் பழக வேண்டும். கப்பல் ஒத்துவராது.

நான் பெட்டியைத் தூக்கப் போனபோது பாய் ஒரு வார்த்தை சொன்னார்.

"தம்பி, இந்தப் பொட்டியில சைக்கிள் கொஞ்சம்தான் இருக்கு, மிச்சமெல்லாம் காத்து. நம்ம ஆளுவ யாராச்சும் காசு குடுத்துக் காத்த அனுப்பிப் பாத்திருக்கியளா?"

அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான். ஊருக்குப் போகிற பெட்டியில் எங்கள் ஆட்கள் காற்றை விட்டதே கிடையாது. பால் பவுடர் டின்னுக்கும் டின்னுக்கும் நடுவில் சோப்பு போகும். சோப்புக்கு நடுவில் தைல பாட்டில் போகும். பிள்ளைக்கு வாங்கின ஷூவுக்குள் பேனாவும் பாதாமும் போகும். ஒருவர் புது பிரஷர் குக்கருக்குள் மூன்று சேலை வைத்து மூடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் விரல் நுழைகிற இடம் இருந்தால் கட்டுகிறவனுக்கு அது மானக்கேடு.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் கேம்பில் லீவில் போகிறவர் தன் சாமான் மட்டும் கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. ரூம்காரர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ கொடுக்கலாம். கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்திருப்பார், அந்தந்த வீட்டிலிருந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று அவர், நாளை நான். யார் எப்போது போகிறார்கள் என்று சுவரில் ஒரு பட்டியல்கூட ஒட்டியிருக்கும். பாய் கடையிலிருந்து வந்த வேகத்தில் அந்தப் பட்டியலின் முன்னால் போய் நின்றேன். என் பெயர் கடைசியில், நாலைந்து மாதம் தள்ளி இருந்தது. ஆனால் அடுத்த மூன்று வாரத்துக்குள் மூன்று பேர் போகிறார்கள். சைக்கிளைச் சைக்கிளாக அனுப்பினால்தானே இடத்தை அடைக்கும்? பிரித்து, எப்படியும் போகப் போகிற பெட்டிகளுக்குள் நுழைத்துவிட்டால்?

எங்கள் கேம்பில் பேர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, ஊர்தான் பேர். முதலில் போனவர் பெரம்பலூர்க்காரர். எங்கள் ரூமிலேயே வயதில் மூத்தவர், ஃபோர்மேன். அவருடைய பெரிய பெட்டியின் அடியில் இரண்டு சக்கரத்தையும் டயரைக் கழற்றி ஓரத்தில் மடித்துச் செருகிவிட்டு ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தோம். உடனே ரூமே கூடிவிட்டது. ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு நடுவில் இவ்வளவு காற்று இருப்பதை யாராலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆளாளுக்கு இரண்டு சோப்பு, ஒரு தைலம் என்று கொண்டுவந்து செருகினார்கள். கடைசியில் சக்கரத்தைப் பார்த்தால் கம்பியே தெரியவில்லை, சோப்புக் கடை மாதிரி இருந்தது.

இரண்டாவது திருத்துறைப்பூண்டிக்காரர். வாய் ஓயாது. ஹேண்டில்பாரின் வளைவுக்குள் கைலிகளைச் சுருட்டி வைத்து, பெடல், செயின், பிரேக், சீட் எல்லாவற்றையும் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டார். விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்று நாலு நாள் ஒத்திகை பார்த்தார். யாருமே கேட்கவில்லை என்பதில் அவருக்குப் பெரிய ஏமாற்றம்.

மூன்றாவது கமுதிக்காரர், அதிகம் பேசாதவர். அவரிடம்தான் ஃபிரேம். எதற்குள்ளும் அடங்காத சாமான் அது ஒன்றுதான். அவர் வீட்டுக்கு இரண்டு கம்பளி வாங்கி வைத்திருந்தார். வளைகுடாவிலிருந்து போகிற எல்லாரும் வாங்குகிற, புலிப் படம் போட்ட கனத்த கம்பளி. கம்பளி எப்படியும் போகத்தான் போகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஃபிரேமை வைத்துச் சுருட்டிவிட்டால் கம்பளி மூட்டை கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். இந்த யோசனை வந்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் அவர் எடைக் கணக்கு இறுக்கமாக இருந்தது. மெஸ் தராசில் போட்டுப் போட்டுப் பார்த்தோம். என்னால் முடிந்ததையெல்லாம் குறைத்தேன். தண்ணீர் பாட்டில் மாட்டும் கூண்டைக் கழற்றினேன். பம்ப் மாட்டும் கொக்கியைக் கழற்றினேன். கவட்டையில் மாட்டியிருந்த அந்தப் பிளாஸ்டிக் குச்சியையும், இது எதற்குத் தண்டமாக என்று பிடுங்கிப் போட்டேன். ஐம்பது கிராம்கூட இருக்காது. ஆனாலும் நான் மிச்சம் பிடித்தேன் என்று ஒரு திருப்தி. குச்சி நல்ல நேராக இருந்ததால் எறிய மனம் வரவில்லை; என் கட்டிலுக்குக் கட்டியிருந்த திரையின் கயிறு அடிக்கடி தொய்ந்துகொண்டே இருந்தது, அதில் முறுக்கிச் செருகி வைத்தேன். திரை விறைப்பாக நின்றது.

பிறகு கட்டினேன். என் தொழில் அல்லவா? கம்பளி மூட்டையின் மேல் முழங்காலை வைத்து அமுக்கி, கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி, காலால் மிதித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். மூட்டை பாதியாகச் சுருங்கியது. கமுதிக்காரர் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவும் ஆடவில்லை. ரூமில் எல்லாரும் ரிக்கர் கட்டு ரிக்கர் கட்டுதான் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

ஊரில் தங்கையின் பாடு தனி. பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போய்ச் சக்கரங்களை வாங்கினாள். கண்டக்டர் சக்கரத்துக்குத் தனி லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறார். திருத்துறைப்பூண்டியில் துண்டு மூட்டையோடு சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள். கமுதிக்கு அம்மாவும் கூடப் போனாள். மூட்டையை அங்கேயே அவிழ்த்துக் கம்பளியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தங்கை ஃபிரேமை ஒரு பழைய சேலையில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தாள். சக்கரம் ஒரு மாதத்துக்குச் சோப்பு வாசனை அடித்தது என்று சொல்வாள்.

ஃபிரேம் போய்ச் சேர்ந்த அன்று போன் செய்து நான் முதலில் கேட்டதே, கட்டு எப்படி இருந்தது என்பதுதான்.

"அவுக்கவே அரை நாளாச்சுண்ணே" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு ரூமில் எல்லாருக்கும் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஓட்ட ஆரம்பித்தாயா என்று கேட்டேன். இல்லை, பரீட்சை இருக்கிறது என்றாள். அதற்கடுத்த வெள்ளியும் அதே பதில். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மூன்று பேர் தங்கள் பிள்ளைக்கு வாங்கின சாமானைக் குறைத்துவிட்டு உன் சைக்கிளைச் சுமந்திருக்கிறார்கள், உனக்குப் பரீட்சை பெரிதாகப் போய்விட்டதா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். போன் கார்டில் காசு தீர்கிற வரை திட்டினேன். மறு வாரம் கேட்டபோது ஓட்டிக்கொண்டிருக்கிறேன் அண்ணே, காற்று மாதிரி போகிறது என்றாள். பார்த்தீர்களா, திட்டினால்தான் வேலை நடக்கிறது என்று பெரம்பலூர்க்காரரிடம் சொன்னேன். அவர் லீவு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்.

போட்டி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. அன்று ரூமில் யாரும் துணி துவைக்கவில்லை, சமையலுக்குக் காய் வாங்கப் போகவில்லை. மதியம் வரை லைன் கிடைக்கவில்லை. திருத்துறைப்பூண்டிக்காரர் ஊரிலிருந்து திரும்பி வந்திருந்தார். இந்த ஏரியாவில் சிக்னலே இப்படித்தான் என்று ஆரம்பித்து எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் டீச்சரின் போன் கிடைத்தது. அவர் தங்கையிடம் கொடுத்தார்.

"மூணாவதுண்ணே. சக்கர அளவுலதான் ரெண்டாவது போச்சு."

மூன்றாவது போதும். மூன்றாவது என்றால் அணி, அணி என்றால் கல்லூரி. நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அழுதேன் என்று பெரம்பலூர்க்காரர் சொல்வார். அழுதிருந்தால்தான் என்ன? என் தங்கை, கொத்தனார் மகள், சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பயிற்சி எடுத்த பெண்களுக்கு நடுவில் மூன்றாவதாக வந்திருக்கிறாள்.

அன்று கேம்பில் நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யார் சுமந்த பாகத்தால் ஜெயித்தாள் என்று. பெரம்பலூர்க்காரர் சக்கரம் தன்னுடையது, உருண்டதால்தான் வண்டி போனது என்றார். செயின் இல்லாமல் எந்தச் சக்கரம் உருளும் என்று திருத்துறைப்பூண்டிக்காரர் பாய்ந்தார். கடைசியில் எல்லாரும் ஓய்ந்ததும் கமுதிக்காரர், "அவளத் தாங்குனது என் கம்பளிக்குள்ள போனதுதான்" என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு மெஸ்ஸுக்குப் போனார். கீழக்கரை பாய் ஒரு கிலோ அல்வா கொடுத்தனுப்பினார். காற்றை அனுப்பாதே என்ற யோசனை அவருடையதுதானே.

இரண்டு மாதம் கழித்து அணியில் சேர்ந்த பெண்கள் தேசியப் போட்டிக்கு வட இந்தியாவுக்கு ரயிலில் போவதாக முடிவானது. அதே மாதத்தில் எனக்கு லீவு. பட்டியலில் என் பெயர் முதலில் வந்துவிட்டது. ஊருக்கு என்ன வேண்டும் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கையிடம் கேட்டபோது கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணே, சைக்கிள் வித்தவரு கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி மாதிரி ஏதாச்சும் குடுத்தாரா?"

நான் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். குச்சி என் மூக்குக்கு நேர் மேலே, திரைக் கயிற்றில் இருந்தது.

எதற்குக் கேட்கிறாய் என்றேன். மாநிலப் போட்டிக்கு வந்த சென்னைப் பெண்கள் சைக்கிளைப் பிரித்துக் கட்டும்போது பின் கவட்டைக்கு நடுவில் அதைச் செருகிக் கட்டினார்களாம். சக்கரம் இல்லாத கவட்டை வெறும் இரண்டு காலாக நிற்கிறது. வெளியிலிருந்து இறுக்கினால் இரண்டும் உள்ளே நெருங்கிவிடும். நெருங்காமல் இருக்கத்தான் அந்தக் குச்சி. அவள் சொல்லிக்கொண்டே போக, எனக்கு மெதுவாக விளங்கியது. பரீட்சை என்று சொன்ன அந்த இரண்டு வாரமும் விளங்கியது.

நான் கட்டின இறுக்கத்தில் கவட்டை நெரிந்துபோய்த்தான் சைக்கிள் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டில் வைத்துச் சக்கரத்தை மாட்டப் பார்த்தால் உள்ளே போகவில்லை. ஒரு விரல் கனம் குறைவு. அறந்தாங்கி சைக்கிள் கடைக்காரர் சுத்தியலை எடுத்திருக்கிறார். இவள் வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லி நீளமான ஒரு போல்ட்டும் இரண்டு நட்டும் வாங்கி, அதைக் கவட்டைக்கு நடுவில் வைத்து, நட்டுகளை வெளிப்பக்கமாகத் திருகித் திருகி, ஒரு நாளைக்கு நூல் அளவு என்று விரித்திருக்கிறாள். ஒரு பக்கம் அதிகம் போய்விட்டால் வண்டி கோணி ஓடும். அதற்கு அப்பாவின் கொத்தனார் நூலை முன்பக்கக் குழாயிலிருந்து பின்னால் வரை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாள். அப்பா சுவருக்குப் பார்ப்பதைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் சக்கரத்தை மாட்டினாள். பன்னிரண்டு நாள் ஆனதாம்.

சைட்டில் யாராவது பைப்புக்கு நடுவில் மரக்கட்டை கொடுக்காமல் ஸ்லிங்கை இறுக்கினால் அவன் பரம்பரையையே திட்டுகிறவன் நான். அப்படிப்பட்டவன் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு இறுக்கியிருக்கிறேன். அதோடு விட்டேனா? அவள் உட்கார்ந்து என் தப்பைச் சரி செய்துகொண்டிருந்த நேரத்தில் போன் போட்டுத் திட்டியும் இருக்கிறேன். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அங்கேருந்து நீங்க என்னண்ணே பண்ணுவீங்க, தூங்காமக் கெடப்பீங்க. அதுவும் இல்லாம அந்த அண்ணன் அவ்வளவு தூரம் சொமந்துட்டு வந்தாரு. நெளிஞ்சு போச்சுன்னு எந்த வாயால சொல்றது? நம்மால சரி பண்ண முடியுமான்னு பாத்துட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். சரியாயிருச்சு. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

கமுதி அண்ணனிடம் இப்போதும் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து இங்கேதான் எழுதுகிறேன். அவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று தெரிந்துகொள்ளட்டும்: தப்பு கட்டினவன் மேல், சுமந்தவர் மேல் இல்லை.

எழுந்து உட்கார்ந்து கயிற்றிலிருந்து குச்சியை உருவினேன். திரை தொய்ந்து என் தலையிலேயே விழுந்தது. கீழ்க்கட்டிலில் இருந்த திருத்துறைப்பூண்டிக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஊருக்கு ஒரு சாமான் கொண்டு போக வேண்டும் என்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சைக்கிளில் ஒரு பாகத்தைக்கூட நான் சுமக்கவில்லை. சக்கரம் ஒருவர், செயின் ஒருவர், ஃபிரேம் ஒருவர். எனக்கு என்று மிஞ்சியது இந்த ஐம்பது கிராம். அதைப் பெட்டியில் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அபுதாபியிலிருந்து திருச்சி வரை மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் ரயிலுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வாசலில் கோணியை விரித்துச் சைக்கிளை அவளே பிரித்தாள். பிலிப்பைன்ஸ்காரருக்கு ஆன நேரத்தில் பாதிதான் ஆனது. பின் கவட்டையைத் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் நட்டு அழுந்தின இடத்தில் பெயிண்ட் போய் இரண்டு வட்டம் தெரிந்தது. மற்றபடி நெரிந்த இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டுவதையும் இறுக்குவதையும் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவன் ருவைஸில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆள் அறந்தாங்கியில், என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

பையிலிருந்து குச்சியை எடுத்து நீட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தவன், இந்தா என்று மட்டும் சொன்னேன். அவள் வாங்கி, வெயிலில் திருப்பிப் பார்த்து, கவட்டைக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பா திண்டில் உட்கார்ந்தபடியே ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அம்மா வீட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய கம்பளியை எடுத்து வந்தாள். போன லீவில் நான் கொண்டு வந்தது. அதில் ஃபிரேமை வைத்துச் சுருட்டினோம். கயிற்றை எடுத்து அவள் என் கையில் கொடுத்தாள். நான் வாங்கத் தயங்கினேன். நீயே கட்டு ஆத்தா, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். வாழ்க்கையில் கயிற்றைப் பார்த்து நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அதான் நடுவுல முட்டுக் குடுத்தாச்சுல்ல. இனிமே என்ன பயம்? உங்க கட்டாவே கட்டுங்கண்ணே, ரயில்ல ரெண்டு நாள் போகணும்."

முழங்காலை வைத்து அமுக்கினேன். நாலு சுற்றுச் சுற்றி, மிதித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். அவள் மூட்டையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். எதுவும் ஆடவில்லை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நான் இரண்டு சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.